கல்லூரித் தண்ணீர் எங்கே போகிறது

சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்கப் போன நாளில்தான் அந்தப் பாடம் என் தலையில் விழுந்தது.

கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் உதவிப் பேராசிரியை. என் துறை இயந்திரவியல். வேலைக்குச் சேர்ந்தபோது பத்தாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். எல்லோரும் அப்படித்தான் ஒப்படைத்தார்கள். ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி தாளாளரிடம் இருக்கும். வேலையை விட்டுப் போக நினைக்கிறவர், தாளாளர் மனது வைத்தால்தான் போக முடியும்.

என் கணவருக்கு ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நானும் மகளும் தியாகதுருகத்தில் என் அம்மா வீட்டில் இருந்தோம். அவர் சனிக்கிழமை ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வந்து, ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். அந்த ஆண்டு ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. சேரும் நாளில் அசல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார்கள். அன்று இரவு மகள் தன் பொம்மைகளை ஒரு பையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் தூங்கினாள்.

மறுநாள் முதல்வரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த, அதிர்ந்து பேசாத மனிதர். யாரிடம் பேசினாலும் மேசைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"இப்ப வேணாம் மேடம்," என்றார். "தரச்சான்று கமிட்டி வரப் போவுது. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் யாரையும் வுட முடியாது. ஆள் கணக்கு இடிக்கும்."

"எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா சேர்க்கையே இல்லையே சார். எனக்கு இங்க கிளாஸே கம்மிதான?"

"அதுக்குத்தான் ஒரு பேப்பர் வச்சிருக்கேன். யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க நல்லா வரைவீங்க. தமிழ்லயும் நல்லா பேசுறீங்க."

நிலைத்த வளர்ச்சியும் வடிவமைப்புத் தொடர்பியலும் என்று அந்தப் பாடத்துக்குப் பெயர். ஆங்கிலத்தில் இன்னும் நீளம். எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொது. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பொருளைச் செய்யும்போது அது எதைத் தின்கிறது, எதைக் கழிக்கிறது, அந்தக் கழிவு யார் வாசலில் போய்ச் சேர்கிறது என்று யோசிப்பது பாதிப் பாடம். அந்த யோசனையைப் படமாகவும் பேச்சாகவும் அடுத்தவருக்குப் புரிய வைப்பது மீதி. மேசைமேல் அந்தத் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்ற எரிச்சல்தான் இருந்தது.

எங்கள் கல்லூரியில் காலையில் பஸ் உள்ளே நுழைந்ததும் விரல் ரேகை வைக்க வேண்டும். மாலையில் மறுபடியும் வைத்தால்தான் வெளியே போகலாம். நடுவில் வாயிற்கதவு திறக்காது. ஆசிரியர் அறையின் மேற்கு ஜன்னலில் கல்வராயன் மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். மழைக்காலத்தில் அந்தக் கோடு கிட்டே வந்தது போல இருக்கும். வெயில் காலத்தில் இல்லாமலே போய்விடும். அந்தப் பருவம் முழுவதும் நான் ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

முதல் வாரம் மாணவர்களைக் குழுக் குழுவாகப் பேசச் சொன்னேன். எல்லாக் குழுவும் திரையில் ஒரே படத்தைப் போட்டது. இரண்டு கைகள் பூமி உருண்டையைத் தாங்கிக்கொண்டிருக்கும், மேலே ஒரு செடி முளைத்திருக்கும். ஒரு மாணவன் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் வாசித்து முடித்தான். அவன் மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயியின் மகன்.

"இதையே உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட இதெல்லாம் எதுக்கு மேடம் சொல்லணும்?" என்றான். குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. மனப்பாடம் செய்த அத்தனை வரியிலும் அவன் வீட்டைத் தொடும் வரி ஒன்றுகூட இல்லை. அன்று எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நானும் பல ஆண்டுகளாக வெப்ப இயக்கவியலை அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டடத்தின் மேல்மாடியில் பழைய வரைபடக் கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. கணினி வந்த பிறகு யாரும் அங்கே போவதில்லை. சாய்வு மேசைகளில் புறா எச்சம் காய்ந்து கிடந்தது. சாவியைக் கேட்டு வாங்கி, மாணவர்களை வைத்துக் கழுவிவிட்டு, என் வகுப்பை அங்கே மாற்றிக்கொண்டேன். திரையும் இல்லை, புரொஜெக்டரும் இல்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "உங்க வீட்டுக்குத் தண்ணி எப்படி வருது, எப்படிப் போவுதுன்னு வரைஞ்சுட்டு வாங்க," என்றேன். எழுத்து வேண்டாம், பார்த்தாலே தெரிய வேண்டும் என்றும் சொன்னேன்.

வந்த படங்களில் ஒன்று மட்டும் வீட்டுப் படமாக இல்லை. எங்கள் பெண்கள் விடுதியின் படம். ஆழ்துளைக் கிணறு, மோட்டார், குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம், மொட்டைமாடித் தொட்டி, குழாய்கள் என்று எல்லாம் ஒழுங்காக வந்து, கடைசிக் கோடு சுற்றுச்சுவரில் முட்டி நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

வரைந்தவள் கட்டடவியல் மூன்றாமாண்டு மாணவி. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். எனக்கு அவளை முன்பே தெரியும். கோடை விடுமுறையில் ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பி மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கச் சொல்வார்கள். ஓர் ஆண்டு எனக்கு மலை ஒதுக்கப்பட்டது. அப்போது அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா கேரளத்துக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே, "பொட்டப் புள்ள, தனியா கீழ வுடறோம், யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டார். "நான் இருக்கேன்," என்று சொன்னேன். ஓசூர் வேலை கிடைத்தபோது மனதைக் குத்திய முதல் விஷயம் அந்த இரண்டு வார்த்தைதான்.

"ஏன் ஹாஸ்டல வரைஞ்ச? வீட்டை வரையச் சொன்னேன்," என்றேன்.

"எங்க வூட்ல கொழாயே இல்ல மேடம். வரையறதுக்கு ஒண்ணும் இல்ல."

"செவுத்துக்கு அந்தாண்ட தண்ணி எங்க போவுது?"

"தெரியல மேடம். ஜன்னல்ல இருந்து பாத்தா தெரிய மாட்டேங்குது."

அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கமிட்டிக்குக் காட்ட மாணவர்களின் களப்பயணப் படங்கள் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. அதைச் சாக்காக வைத்து பஸ் கேட்டேன். மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பேர் பாட்டுப் பாடினார்கள். அந்தப் பெண்ணின் ஊருக்குப் பக்கத்து ஊரில் இறங்கினோம்.

அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சூரிய மின்சாரத்தில் ஓடும் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு வைத்துவிட்டுப் போனதாம். இயந்திரத்தின் மேல் விறகு அடுக்கியிருந்தது. இடுக்கில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சுவரில் எப்படி இயக்குவது என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை. விறகு எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் என் மாணவர்கள் விசாரித்தார்கள்.

"வந்தாங்க, மாட்டுனாங்க, போட்டோ புடிச்சாங்க. எந்தத் திருகு எதுக்குன்னு கேட்டோம். பலகையில எழுதியிருக்குதுன்னாங்க," என்றார் அவர். "கொஞ்ச நாள் ஓடுச்சி. அப்பறம் ஒரு நாத்தம் வந்துச்சி. வுட்டுட்டோம்."

பலகையில் இருந்ததை மாணவர்களைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒருவர் மாற்றி ஒருவர் தடுமாறினார்கள். வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது வரியில் இருந்தது. அதை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவே இல்லை. முதலில் கோழியைப் பார்த்துச் சிரித்த பையன்கள் பிறகு சிரிக்கவில்லை.

"யாரு மேடம் இத செஞ்சது?" என்று கரும்பு விவசாயியின் மகன் கேட்டான்.

"நம்மள மாதிரி படிச்சவங்கதான்."

திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் சமவெளி முழுவதும் தெரிந்தது. எங்கள் கல்லூரி வெள்ளையாக, ஒரு மருந்துப் பெட்டி போல, வெறும் நிலத்தின் நடுவே இருந்தது. வருடக்கணக்காக உள்ளே இருந்து மலையைப் பார்த்தவள், இப்போது மலையிலிருந்து அதைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த மலைப்பெண் எழுந்து வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"மேடம், நம்ம ஹாஸ்டல் செவுத்துக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு போய்ப் பாக்கலாமா?"

பார்ப்பது சுலபமாக இல்லை. பின்பக்கக் கதவைத் திறக்க அனுமதி வேண்டும் என்று காவலாளி சொல்லிவிட்டார். எங்கள் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை விரல் ரேகை வைத்து வெளியே போய், நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு, வரப்பில் நடந்து போனோம்.

சுவரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்.ஓ. இயந்திரம் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பையெல்லாம் மீதித் தண்ணீரில் தள்ளிவிடும். அந்த உப்புத் தண்ணீர் இரவும் பகலும் பக்கத்துப் பயிர்க் கொல்லையில் விழுந்துகொண்டிருந்தது. குழாய்க்குக் கீழே கொஞ்சம் கோரையும் புல்லும். அதைத் தாண்டி நிலம் சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடந்தது. தூரத்தில் மட்டும் மக்காச்சோளம் நின்றது.

கொல்லைக்காரப் பெண் எங்களைப் பார்த்ததும் களைக்கொத்தோடு வந்தார்.

"இன்னா, படம் புடிக்க வந்தீங்களா? உங்க காலேஜ் வெசத் தண்ணிய எங்க கொல்லையில வுட்டுட்டு, இப்ப வேடிக்க வேற பாக்கறீங்களா?"

"வெசம் இல்லங்க, உப்பு," என்றாள் மலைப்பெண். "உங்க கெணத்துல இருக்கற அதே உப்புதான். இதுல ஜாஸ்தியா சேந்துருக்குது."

"உப்போ வெசமோ, உளுந்து போட்டேன், மொளைக்கல. திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கினு போறேன்னு உங்க மொதலாளிகிட்ட சொல்லு."

திரும்பி வந்து வரைய ஆரம்பித்தோம். சார்ட் தாள்களை ஒட்டி ஒட்டி, நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரே நீளப் படம். பூமிக்கு அடியில் தண்ணீர், மோட்டார், இயந்திரம், மாணவிகள் டம்ளரில் பிடித்துக் குடிப்பது, விருந்தினர் அறை, சமையலறை, பிறகு சுவர், குழாய், வெளுத்த நிலம், களைக்கொத்தோடு நிற்கும் ஒரு பெண். நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புத் தண்ணீருக்குப் பழுப்பு. கூடத்தின் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டும் படம் தொங்கியது. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து வரைந்தார்கள். ஆங்கிலம் பேசப் பயந்து கடைசி பெஞ்சில் ஒளிந்தவர்கள், நீலம் எங்கே பழுப்பாக மாற வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சண்டை போட்டார்கள். வேலைக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்த வாரம் வேறு இல்லை.

முதல்வர் ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தவர் கூடத்துக்குள் நுழைந்தார். கூடத்துச் சுவரில் குத்தியிருந்த படத்தை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். படத்தில் விடுதிச் சுவருக்கு அப்பால் வந்ததும் நின்றார். மாணவர்களை வெளியே போகச் சொன்னார்.

"நல்லா வந்துருக்குது மேடம்," என்றார். "கழட்டிடுங்க."

"சார்..."

"கமிட்டிக்காரங்க இந்தக் கூடத்துக்கு வருவாங்க. அவங்க கண்ணுல இது பட்டா இன்னா ஆவும்? உங்களுக்கே தெரியும். நான் உங்களுக்கு நல்லதுதான் சொல்றேன்." அவர் இந்த முறை மேசையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "உங்க ஃபைல் எங்க இருக்குதுன்னு மறந்துடாதீங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. எச்சரிக்கையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் கனமாக இருந்தது. மாலை கணவரிடம் போனில் சொன்னேன். "கழட்டிட்டுக் கம்முனு இரு. அவங்க வந்துட்டுப் போவட்டும், அலமாரியத் தொறந்து குடுக்கட்டும். நீ இங்க வந்து எத வேணா வரை," என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. படத்தைக் கழற்றினால் அதோடு என் பாடம் முடிந்தது. கழற்றாவிட்டால் நான் முடிந்தேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கூடத்தில் மலைப்பெண் மட்டும் இருந்தாள். படத்தின் மூலைகளிலிருந்து ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கஷ்டம் வேணாம் மேடம். கழட்டிடறேன்," என்றாள். பிறகு, "உங்க சர்ட்டிபிகேட்டும் அங்கதான் இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"என்னுதும் அங்கதான்."

படம் பாதி கழன்று தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நாங்கள் தப்பை மட்டும் வரைந்திருந்தோம். அந்தத் தண்ணீரை என்ன செய்யலாம் என்று வரையவே இல்லை. பார்க்கிறவர் கையில் குற்றத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்காத படம் அது.

"ஊசிய மறுபடி குத்து," என்றேன். "கீழ இன்னொரு வரிச தாள் ஒட்டு."

இரண்டாவது வரிசையில் அதே கட்டடம், அதே இயந்திரம். பழுப்புத் தண்ணீர் மட்டும் சுவருக்குப் போகாமல் தனித் தொட்டியில் ஏறி, கழிவறைகளுக்கு இறங்கியது. கழிவறைக்கு உப்புத் தண்ணீர் போதும். கிணற்றிலிருந்து அந்த அளவுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு, முதல்வரிடம் சொல்லிவிட்டு, நானும் அவளும் தாளாளர் அறைக்குப் போனோம். முதல்வர் எங்களைத் தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை.

தாளாளர் சமவெளியில் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். வெள்ளை வேட்டி சட்டை. அறைக்குள் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். படத்தை அவருடைய மேசைக்கு எதிரே தரையில் விரித்தோம். அவள் பேச வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலால் நீலத்தைத் தொட்டுக்கொண்டே தமிழில் சொன்னாள். யாரையும் குறை சொல்லும் ஒரு வார்த்தை அதில் இல்லை. தண்ணீர் எங்கே இருந்து எங்கே போகிறது என்று மட்டும் சொன்னாள்.

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விருந்தினர் அறையில் வேட்டி கட்டித் தண்ணீர் குடிக்கும் உருவத்தைக் காட்டினார்.

"இது நானா?"

"இல்லங்க ஐயா. விருந்தாளி," என்றாள்.

அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. விரல் களைக்கொத்தோடு நிற்கும் பெண்ணிடம் நகர்ந்தது. "இந்தம்மா மனு கினு குடுத்துச்சா?"

"இன்னும் இல்லங்க ஐயா. அடுத்த திங்கக்கெழம போறேன்னு சொல்லிக்கினு இருக்குது."

மறுபடி ஒருமுறை படத்தைப் பார்த்தார். "பிளம்பரக் கூப்பிடு," என்று வெளியே குரல் கொடுத்தார்.

கமிட்டி வருவதற்குள் குழாய் மாறிவிட்டது. கழற்றச் சொன்ன படம் நுழைவாயில் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது. கமிட்டிக்காரர்கள் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். அவளைத் தமிழிலேயே பேசச் சொல்லி, ஒருவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. விழா எடுத்தார்கள். மேடையில் தாளாளர் எனக்குச் சால்வை போட்டார். "இந்த மேடம் இருக்கிற வரைக்கும் இந்தப் பாடத்துல நம்ம காலேஜ அடிச்சிக்க ஆள் இல்ல," என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வைக்கு அடியில் எனக்கு வியர்த்தது.

மறுநாளே போய் நின்றேன். கமிட்டி வந்துவிட்டுப் போய்விட்டது, சான்றிதழ்களைக் கொடுங்கள் என்றேன்.

"ஓசூர்ல இன்னாம்மா இருக்குது?" என்றார் தாளாளர். "உங்கள வுட்டுட்டு நாங்க இன்னா பண்றது? இங்கயே உங்களுக்குத் தனி லேப் போட்டுத் தரேன். வீட்டுக்காரர இந்தப் பக்கம் வேல தேடச் சொல்லுங்க." உண்மையான பிரியத்தோடு சொன்னார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு மறுத்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஓசூரில் சேர வேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று நான் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். மகள் பையிலிருந்து பொம்மைகளை ஏற்கெனவே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டிருந்தாள். கணவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, வுடு," என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் போனில் குறைவாகப் பேசினார்.

கோடை தொடங்கியதும் கொல்லைக்காரப் பெண் கல்லூரி வாயிலுக்கு வந்து என்னைக் கேட்டாராம். நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா, சுத்தமா நிறுத்திப்புட்டீங்களே," என்றார். "செவுத்தோரம் புல்லு மொளைச்சிக்கினு இருந்துச்சி. வெயில் காலத்துல எங்க மாட்டுக்கு அதுதான் தீனி. இப்ப அதுவும் காஞ்சி போச்சி. கொஞ்சமாச்சும் வுடக்கூடாதா?"

அந்தக் கோரையையும் புல்லையும் நாங்கள் வரைந்திருந்தோம். பச்சை நிறம்கூடக் கொடுத்திருந்தோம். ஆனால் அதை யார் அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உளுந்து முளைக்காததைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தோம். வகுப்பில் இதைச் சொன்னேன். மலைப்பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாமளும் போட்டோ புடிச்சிட்டு வந்துட்டோம் மேடம்," என்றான் கரும்பு விவசாயியின் மகன்.

மறுபடி வரைந்தார்கள். இந்த முறை வரைவதற்கு முன்னால் அந்த அம்மாவின் கொல்லையில் போய் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு கழுவும் தண்ணீரில் அவ்வளவு உப்பு கிடையாது. அதை ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாக விட்டால் புல்லுக்கு ஆகும். தாளாளரிடம் போனேன். "அதான் கமிட்டி வந்துட்டுப் போயிடுச்சே," என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

முதல்வர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை நான் கள்ளக்குறிச்சில ஒரு கல்யாணத்துக்குப் போறேன். பின்கதவு சாவி காவலாளிகிட்ட இருக்கும்," என்றார். அந்தச் சனிக்கிழமை மாணவர்களே பின்கதவை ஒட்டிக் குழி வெட்டினார்கள். கொல்லைக்காரப் பெண் தன் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, குழி எங்கே வர வேண்டும் என்று நின்று சத்தம் போட்டார். முதல்வர் பிறகு அதைப் பார்த்தார். பார்த்ததாக யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். விழா முடிந்த மாலை, அலுவலக வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவருடைய பள்ளிச் சான்றிதழ்கள், பட்டங்கள். அவருடையவையும் அந்த அலமாரியில்தான் இருந்திருக்கின்றன. எனக்கு அதுவரை தெரியாது.

"ரெண்டு தடவ வெளிய நல்ல எடத்துல கூப்பிட்டாங்க மேடம்," என்றார். "கேட்டுப் பாத்தேன். அப்பறம் கேக்கறத வுட்டுட்டேன்." ஓரம் பழுத்துப் போயிருந்த ஒரு தாளை நிமிர்த்திவிட்டு உறைக்குள் வைத்தார். "இனிமே இத யாருக்கிட்ட காட்டறது?"

மாலையையும் உறையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அவர் காரில் ஏறினார்.

அந்த ஞாயிறு கணவர் வந்திருந்தபோது ஒரு வழி சொன்னார். சான்றிதழ்கள் தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், அவர்கள் தரும் சான்றை வைத்துப் பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் வெளியே வருகிறார்களாம்.

"தொலையலியே," என்றேன். "எங்க இருக்குதுன்னு தெரியுமே."

"அப்படின்னு சொல்லிக்கினே எத்தன வருஷம் இருக்கப் போற?"

இருவருக்கும் நடுவில் அந்தக் கேள்வி இன்னும் கிடக்கிறது. மகள் இங்கேயே பள்ளியில் சேர்ந்துவிட்டாள். மலைப்பெண் படிப்பை முடித்து விழுப்புரத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் படம் வரையப் போய்விட்டாள். புதிதாக வந்த முதல்வர் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆண்டும் அந்தப் பாடத்தை நீங்களே எடுங்கள் என்றார். சரி என்றேன். போன வாரம் புது மாணவர்களோடு குழியில் அடைத்திருந்த சோற்றுப் பருக்கைகளை வாரிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த பின்கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கார அம்மா நின்றிருந்தார். இன்றைக்குத் தண்ணீர் ஏன் இவ்வளவு கம்மியாக வருகிறது என்று கேட்டார். மெஸ்ஸுக்கு இன்று விடுமுறை, நாளைக்கு வரும் என்றேன்.